மீன்கொத்தி 312: முதல் பாகம்

மெத்தையின் ஒரு முனையை ரொக்கேயா அத்தையும் மறுமுனையை ஷெஃபாலியும் பிடித்துச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, தலைமாட்டுப் பக்கத்திலிருந்து அந்தப் புத்தகம் நழுவித் தரையில் விழுந்தது.

அத்தை குனிந்து பார்த்தாள். அட்டையில் ஒரு கைத்துப்பாக்கி, ஒரு பாலம், ஒரு பெண்ணின் பாதி முகம். கீழ் மூலையில் நீல நிறத்தில் சின்னதாய் ஒரு மீன்கொத்திப் பறவை.

"யா அல்லாஹ்! கலிமா சொல்ல வேண்டிய நேரத்துல தலைமாட்டுல வெச்சிருந்தது இதையா?"

"மறந்து வெச்சிருப்பார் அத்தை."

"என்னத்த மறந்து? உங்கப்பன் சாப்பிட மறப்பான், இத மறக்க மாட்டான். மெத்தையோட சேத்து எரிச்சுடு. மசூதி ஹுஜூர் பாத்தார்னா என்ன நெனைப்பார்?"

ஷெஃபாலி புத்தகத்தை எடுத்துப் புடவை மடிப்புக்குள் செருகிக்கொண்டாள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. செய்தித்தாள் காகிதம். அதில் இன்னும் அப்பாவின் வெதுவெதுப்பு இருந்ததுபோல் அவளுக்குப் பட்டது. அப்பாவின் தலை அதன்மேல் இருந்து எடுக்கப்பட்டு ஆறு மணி நேரமாகிவிட்டது என்பதால் அது வெறும் நினைப்புதான்.

கொல்லையில் தார்ப்பாய்களை நாலு பக்கமும் கட்டி, உள்ளே அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் பலகையில் விழும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. குளிப்பாட்டும் நீரில் இலந்தை இலை வெந்த வாசனை ஜன்னல் வழியாக வந்தது. பனி அத்தனை அடர்த்தி. தார்ப்பாய் எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சாந்தாஹார் ஜங்ஷனில் மூன்று நாட்களாக யாரும் சூரியனைப் பார்த்திருக்கவில்லை. ரயில்கள் முதலில் சத்தமாக வந்தன. வெகுநேரம் கழித்துத்தான் ரயிலாக வந்தன.

அப்பா, ரப்பானி பிராமாணிக், அந்த ஜங்ஷனின் மேற்குச் சிக்னல் கேபினில் லீவர் இழுத்தவர். ஐம்பத்து மூன்று வயது. நுரையீரலில் நீர் கோத்து மூன்று மாதமாக விடுப்பில் இருந்தார், போன வாரம் வரைக்கும் மெல்ல நடந்து ஸ்டேஷன் பக்கம் போய்வந்தார். விடியற்காலையில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கடைசியாகச் சொன்னது இதுதான்: "வியாழக்கிழமை... ரயிலுக்கு முன்னாடி..."

அம்மாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. "மலக்கு ரயில்ல வந்து கூட்டிட்டுப் போயிருக்காங்க" என்று வருகிற பெண்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு வியாழக்கிழமை பாத்தியா? அவருக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு." பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். ரயில்வே குடியிருப்பில் வானவர்களான மலக்குகள் ரயிலில் வருவதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை.

ஷெஃபாலி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மௌத்து வீட்டில் அடுப்பு எரியக் கூடாதென்று அண்டை வீட்டுக்காரர்கள் கிச்சடிப் பானையை அனுப்பியிருந்தார்கள். அதன் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தை எடுத்தாள்.

இந்தப் புத்தகங்களோடுதான் அவள் வளர்ந்தாள். டாக்காவிலிருந்து மாதம் ஒன்று வரும். பெருநாளுக்கு ஒன்று அதிகம். வருஷத்துக்குப் பதின்மூன்று, இருபத்து நாலு வருஷம், முந்நூற்றுப் பன்னிரண்டு. மீன்கொத்தி என்பது உளவாளி தைமூர் ஹைதரின் ரகசியப் பெயர். அப்பா முதல் புத்தகத்தைப் படித்தபோது தைமூருக்கு முப்பத்தொன்று, அப்பாவுக்கு இருபத்தொன்பது. அண்ணன் மாதிரி. இரண்டு வருஷத்தில் இருவரும் ஒரே வயதுக்காரர்கள் ஆனார்கள். அந்த ஒரு வருஷம் அப்பா மீசையைக்கூடத் தைமூர் மாதிரி வைத்திருந்ததாக அம்மா சொல்வாள். அதற்குப் பிறகு அப்பா கேபின் படிகளில் ஏறி ஏறி மூச்சு வாங்கத் தொடங்கினார். தைமூர் முப்பத்தொன்றிலேயே நின்றுவிட்டான். இன்னும் ஐந்து வருஷத்தில் ஷெஃபாலியே அவன் வயதைத் தொட்டுவிடுவாள்.

ஒவ்வொரு புத்தகமும் ஒரே மாதிரிதான் தொடங்கும். டாக்காவில் ஒரு பழைய கட்டடத்தின் ஆறாவது மாடி. உளவுத்துறைத் தலைவர், எல்லோருக்கும் அவர் 'பெரியவர்', பெயர் கிடையாது. மேசைமேல் ஒரு ஆரஞ்சு. தைமூர் எதிரே நிற்பான். பெரியவர் பேசிக்கொண்டே சிறு கத்தியால் தோலைச் சுற்றிச் சுற்றி உரிப்பார். வேலையைச் சொல்லி முடிக்கும்போது தோல் அறுபடாமல் ஒரே நாடாவாகக் கழன்று வரும். அவர் அதைத் தட்டில் வைப்பார். தைமூர் புறப்படுவான். தோல் முழுசாக வந்தால் தைமூர் திரும்பி வருவான் என்று அர்த்தம். எந்தப் புத்தகத்திலும் இதை யாரும் எழுதியதில்லை. வாசகர்களுக்கே அது தெரியும்.

ராஜ்ஷாஹியில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்த புதிதில், ஷெஃபாலி அப்பாவிடம் கேட்டிருக்கிறாள்: "முந்நூறு தடவ தப்பிச்சவன் முந்நூத்தி ஓராவது தடவையும் தப்பிப்பான். இதுல என்னப்பா இருக்கு?"

"தப்பிப்பான்னு எனக்கும் தெரியும்மா. எப்படின்னு தெரியாதே."

"எப்படியோ தப்பிப்பான்!"

"அந்த 'எப்படியோ'வுக்குள்ளதான் எல்லாம் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தைப் புரட்டினார். சிக்னல் கைகாட்டியையும் அவர் இப்படித்தான் பார்ப்பார். வண்டி வரும், போகும், அதில் அதிசயமில்லை. எந்தக் கம்பி எந்தத் தண்டை இழுத்து எந்தப் பல் எதில் மாட்டுகிறது என்பதுதான் அவருக்கு விஷயம்.

இப்போது அவள் பிரித்த 312-ல், முதல் அத்தியாயத்திலேயே, பெரியவரின் கையில் தோல் அறுந்திருந்தது.

இருபத்து நாலு வருஷத்தில் முதல் தடவை.  பக்கங்களைத் தள்ளிக் கடைசிக்குப் போனாள். எல்லைப்புறத்தில் கைவிடப்பட்ட ஒரு ரயில் பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் பாழடைந்த ஒரு கேபின். தைமூர் மார்பில் குண்டு பாய்ந்து கேபினுக்குள் விழுகிறான். எதிரிகள் படி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுடைய ரயில் வண்டி பாலத்தை நோக்கி வருகிறது. கடைசி வரி: 'மூடுபனிக்குள் கைகாட்டி மெல்ல இறங்கியது.' முதல் பாகம் முற்றும். இரண்டாம் பாகம் அடுத்த மாதம்.

அந்த வரியின் கீழே, பக்கத்தின் வெற்றிடத்தில், பச்சை மையில் யாரோ எழுதியிருந்தார்கள். சாய்ந்த, அழகான எழுத்து.

'பெரியவர் உரித்த தோல் அறுந்துவிட்டது. குண்டு பட்டுச் சிக்னல் கம்பியும் அறுந்திருக்கிறது, கைகாட்டி விழுந்துவிட்டது. எதிரி வண்டி தடையில்லாமல் போகப் போகிறது. தைமூர் இனி வரமாட்டான் என்றே தோன்றுகிறது. எனக்கு மனம் சரியில்லை. மறுப்பு உண்டா? வழக்கம்போல், வியாழக்கிழமை ரயிலுக்கு முன்.'

அதன் கீழே பென்சிலில் அப்பா.

ஷெஃபாலி படித்தாள். மறுபடியும் படித்தாள். எழுத்து கோணலாக இருந்தது. கடைசி வரி சரிந்து, பக்கத்தின் விளிம்பைத் தொட்டு நின்றிருந்தது. நேற்று மாலை வெந்நீர் கேட்டு அவளை வெளியே அனுப்பிவிட்டு அவர் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. அவள் வந்ததும் தலையணைக்கு அடியில் தள்ளியிருக்கிறார்.

மலக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. டாக்காவிலிருந்து புதுப் புத்தகக் கட்டு வரும் ரயில். அது வருவதற்குமுன் பதில் போய்ச் சேர வேண்டும். இரண்டாம் பாகம் ஊருக்குள் வந்துவிட்டால் அப்புறம் சொல்லும் பதிலுக்கு மதிப்பில்லை.

அவள் கதவைத் திறந்தாள். அண்ணன் துஹின் அப்பாவைப் பொதியும் கஃபன் துணியை ஏந்திக்கொண்டு நடையில் போய்க்கொண்டிருந்தான்.

"டாக்கா வண்டி வந்துடுச்சா?"

அவன் அவளை விநோதமாகப் பார்த்தான். "பனியில ஜமுனா ஆத்தக் கடக்கற படகு நின்னுடுச்சாம். நாலு மணிக்கு மேல ஆகும். ஏன், யார் வரணும்?"

"யாரும் இல்ல. ஜனாஸா தொழுகை எப்போ?"

"அஸர் தொழுகை முடிஞ்சதும். அதுவும் நாலு மணிதான்." அவன் கண்கள் வீங்கியிருந்தன. "நீ ஏதாச்சும் சாப்பிடு."

மணி இரண்டு.

அம்மாவின் கறுப்பு புர்க்கா கொடியில் தொங்கியது. ஷெஃபாலி வாழ்க்கையில் அதை அணிந்ததில்லை. எடுத்து மாட்டிக்கொண்டு, முகத்திரையை இறக்கி, சமையலறையின் பின்கதவு வழியாக வெளியேறினாள். மௌத்து வீட்டிலிருந்து மகள் தெருவில் இறங்கினால் குடியிருப்பு முழுக்க ஒரு வருஷம் பேசும். ஒரு கறுப்பு உருவம் பனியில் போனால் யாரும் பேச மாட்டார்கள்.

பனிக்குள் தண்டவாளங்கள் மட்டும் ஈரமாக மின்னின. சரளைக்கல்லில் தன் செருப்புச் சத்தம் வேறு யாரோ நடப்பதுபோல் கேட்டது. எங்கோ ஒரு எஞ்சின் பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றது. தலைக்கு மேலே மேற்குக் கேபின் கப்பல்போல் மிதந்து, ஒரு ஜன்னலில் வெளிச்சம் காட்டி, கரைந்துபோனது. அந்த ஜன்னலில் இப்போது யாரோ ஒரு புது ஆள். ஏழு வயதில் அவள் அங்கே சோற்றுத் தூக்கு கொண்டுபோவாள். அப்பா லீவரின் கைப்பிடியைத் துணியால் பற்றி, ஒரு காலை முட்டுக் கொடுத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுப்பார். அரை மைல் தூரத்தில், மரங்களுக்கு மேலே, ஒரு சிவப்புக் கை தலைவணங்கும். 'நான்தான் அது' என்பதுபோல் அவர் அவளைப் பார்ப்பார்.

முதல் பிளாட்பாரத்தின் கோடியில் பாதல் மியாவின் புத்தகக் கடை. பலகைகளை ஒவ்வொன்றாக மாட்டி மூடிக்கொண்டிருந்தார். தலையில் தொப்பி, தோளில் வெள்ளைத் துண்டு.

"கடை இல்லம்மா. ஜனாஸாவுக்குப் போகணும்."

"பாதல் சாச்சா."

அவர் கையிலிருந்த பலகையைக் கீழே வைத்தார். "ஷெஃபாலியா? யா அல்லாஹ், இங்க என்னம்மா பண்றே?"

அவள் புத்தகத்தை நீட்டினாள். "அப்பாவோட பதில். இது யாருக்குப் போகணும்?"

பாதல் மியா அதை வாங்கவில்லை. தொட்டால் சுடும் என்பதுபோல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்கு எதுவும் தெரியாது."

"சாச்சா."

"சத்தியம் பண்ணியிருக்கேன்மா, ரெண்டு பேருகிட்டயும். பதினோரு வருஷம். பச்சை மைக்காரர் புத்தகத்த வாடகைக்கு எடுப்பார், படிப்பார், எழுதுவார், அந்தப் பழைய பஞ்சாங்கக் கட்டுக்குப் பின்னாடி செருகிட்டுப் போவார். ஒரு நா கழிச்சு உங்கப்பா வந்து எடுப்பார். அவரும் எழுதுவார், செருகுவார். யார் யாருன்னு கேக்கக் கூடாது, சொல்லக் கூடாது. புத்தகத்துல அந்தத் தைமூர் பய செய்வானே, அதே மாதிரி. எழுவது வயசு கெழவனுங்க மாதிரி மரியாதையா எழுதிப்பாங்க, பத்து வயசுப் பசங்க மாதிரி விளையாடுவாங்க. நடுவுல நான் ஒருத்தன் வாயத் தச்சுக்கிட்டு."

"இன்னிக்கு வியாழக்கிழமை, சாச்சா. அப்பா அதத்தான் சொல்லிட்டுப் போனார்."

பாதல் மியா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். 

"காலையில ஃபஜர் தொழுகை முடிஞ்சு பச்சை மைக்காரர் வந்தாரு. டீ வாங்கிட்டு இதே எடத்துல உக்காந்தாரு. 'பென்சில்காரர் இன்னும் திருப்பித் தரலையா? இன்னிக்குக் கெடுவாச்சே'ன்னு கேட்டாரு. ஒளிச்சு என்ன ஆகப்போவுது? 'அவரத்தான் இன்னிக்கு நீங்க அடக்கம் பண்ணப் போறீங்க'ன்னு சொல்லிட்டேன்."

காலையில் ஒலிபெருக்கியில் அப்பாவின் மௌத்தை அறிவித்த குரல் ஷெஃபாலியின் காதில் ஓடியது.

"ஹுஜூரா?"

"டீ ஆறி ஏடு கட்டிடுச்சு. அவர் குடிக்கவே இல்ல. தான் மைக்குல சொன்னது தன்னோட ஆளப் பத்தின்னு அந்த மனுஷனுக்கு அப்பதான் தெரியும்."

சமத் ஹுஜூர். ரயில்வே மசூதி இமாம். வெயிலோ மழையோ பனியோ, கையில் கறுப்புக் குடை. போன வெள்ளிக்கிழமைகூட, ஆண்கள் தொழுகை நேரத்தைக் கேவலமான புத்தகங்களில் தொலைக்கிறார்கள் என்று அரை மணி நேரம் முழங்கியதாக அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். அப்பாவைத் தெருவில் பார்த்தால், "ரப்பானி மியா, மசூதிக்கு வழி தெரியலேன்னா நான் வேணா சிக்னல் போட்டு வைக்கட்டுமா?" என்று கேட்பாராம்.

முகத்திரைக்குள் ஷெஃபாலிக்குச் சிரிப்பு வந்தது. அது எங்கே போய் முடியும் என்று தெரியாததால் உதட்டைக் கடித்து நிறுத்தினாள்.

"நீங்களே கொடுத்துடுங்களேன்."

"நான் கையில கொடுக்கறதுன்னு ஒரு தடவ ஆரம்பிச்சா, பதினோரு வருஷம் என்ன ஆவறது?" என்றார் பாதல் மியா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஹுஜூர் உங்க வீட்டுக்கு வருவார்ல? சந்தூக்கத் தூக்கறதுக்கு முன்னாடி துஆ ஓத."

அவள் வீடு திரும்பியபோது மூன்றேகால். புர்க்காவைக் கழற்றிக் கொடியில் போட்டாள். அதன் விளிம்பு ஈரமாகிக் கருத்திருந்ததை அம்மா பார்த்தாள், கையால் பிழிந்துவிட்டாள்.

வாசல் வராந்தாவில் சந்தூக்கு என்னும் பாடை. அப்பா வெள்ளைத் துணிக்குள் முகம் மட்டும் தெரியக் கிடந்தார். கண்ணிமைகளில் சுர்மா. மூக்கில் பஞ்சு. பெண்கள் ஒரு வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஷெஃபாலியும் பார்த்தாள். புது மாப்பிள்ளைபோல் இருந்தார். முப்பத்தொரு வயதுதான் என்று யாராவது சொன்னால் அந்தப் பனி வெளிச்சத்தில் நம்பிவிடலாம்.

"ஹுஜூர் வர்றார், ஹுஜூர் வர்றார். உள்ள போங்க."

பெண்கள் திரைக்குப் பின்னால் வந்தார்கள். சமத் ஹுஜூர் படியேறி, குடையை மடக்கி, வராந்தாக் கம்பியில் கொக்கியை மாட்டினார். அந்தக் கம்பி திரையின் ஓரத்துக்கு நேராக, கை எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் சந்தூக்கின் தலைமாட்டில் போய் நின்றார். ஓதத் தொடங்க வேண்டியவர், வெறுமனே முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊரில் தினமும் பார்த்த முகம்தான். இப்போதுதான் முதல்முறை பார்ப்பவர்போல் பார்த்தார்.

எல்லோரும் கண்ணை மூடிக் கை ஏந்தினார்கள்.

ஷெஃபாலி திரைக்கு வெளியே கையை நீட்டினாள். குடையின் கட்டு அவிழ்ந்திருந்தது. மடிப்புகள் தளர்ந்து தொங்கின. ஒரு மடிப்பை விரலால் விலக்கிப் புத்தகத்தை உள்ளே விட்டாள். அது நழுவி, கம்பிகளில் முட்டி, அடியில் போய் நின்றது. இந்த அளவில், இந்தக் கனத்தில் இந்தப் புத்தகங்களை ஏன் அச்சிட்டார்கள் என்று அவளுக்கு அப்போது புரிந்ததுபோல் இருந்தது.

"அங்க என்னடி பண்றே?" ரொக்கேயா அத்தை காதருகே சீறினாள்.

"குடை விழப் பாத்துச்சு, அத்தை."

துஆ முடிந்தது. அண்ணனும் இன்னும் மூன்று பேரும் சந்தூக்கைத் தோளுக்கு ஏற்றினார்கள். அம்மா ஒரே ஒரு முறை கூப்பிட்டாள், பெயர் சொல்லி அல்ல, "ஏங்க" என்று. ஹுஜூர் குடையைக் கம்பியிலிருந்து எடுத்தார். எடுத்த கை அரைக்கணம் நின்றது. கனத்தை எடை பார்த்தது. அவர் திரும்பவில்லை. குடையைக் கொக்கியில் பிடிக்காமல், நெஞ்சோடு சேர்த்துத் தழுவிக்கொண்டு, சந்தூக்குக்குப் பின்னால் இறங்கிப் பனிக்குள் போனார். முதலில் அவர் கால்கள் மறைந்தன. பிறகு அவர். வெள்ளைச் சந்தூக்கு மட்டும் கொஞ்ச தூரம் தானாக மிதந்து போனது.

அதற்குப் பிறகு பெண்களுக்குக் காதுகள்தான்.

மசூதி மைதானத்தில் மாட்டியிருந்த ஒலிபெருக்கி குடியிருப்பு முழுவதும் கேட்கும். ஷெஃபாலி கொல்லைக் கிணற்றடியில் நின்றாள். குளிப்பாட்டிய பலகை சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நுனியிலிருந்து இன்னும் சொட்டியது. பாங்கு கேட்டது. அதற்கப்புறம் வெகுநேரம் எதுவும் இல்லை. ஒலிபெருக்கி வெறுமனே இரைந்துகொண்டிருந்தது. தொழுகைக்கு ஹுஜூர் ஏன் இவ்வளவு தாமதம் என்று பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து யாரோ கேட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை.

அவளுக்குத் தெரியும். தன் அறையில், ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அவர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறார்:

'மறுப்பு உண்டு. கம்பி அறுந்தால் கைகாட்டி விழாது, எழும்பும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். கையின் பின்பக்கம் ஒரு பாரம் இருக்கிறது. கம்பி அறுந்தாலும், ஆள் தூங்கினாலும், ஆள் செத்தாலும் அந்தப் பாரம் கையைத் தூக்கி நில் என்று காட்டிவிடும். கை தானாக இறங்கவே இறங்காது. இறங்கியிருக்கிறது என்றால் உள்ளே ஒருவன் லீவரை இழுத்திருக்கிறான். அந்தக் கேபினில் வேறு யாரும் இல்லை. வண்டியைப் பாலத்துக்கு விடாமல் பக்கத் தண்டவாளத்துக்குத் திருப்பப் போகிறான். ஆரஞ்சுத் தோலைப் பற்றி எனக்குத் தெரியாது. கைகாட்டியைப் பற்றித் தெரியும்.'

அவளுக்கும் தெரியும். அவளுடைய ஏழு வயதில் அப்பா ஒரு மரக்கரண்டியின் நடுவில் ஆணி அடித்துச் சுவரில் மாட்டி, காம்புப் பக்கம் ஒரு கல்லைக் கட்டி, மறுபக்கம் கட்டிய நூலை அவள் கையில் கொடுத்திருக்கிறார். இழுத்தால் கரண்டி குனியும். "இப்ப நூல அறு" என்றார். அவள் பல்லால் கடித்து அறுத்தாள். கரண்டி விசுக்கென்று எழும்பி நின்றது. "பாத்தியா? குனிஞ்சிருந்துச்சுன்னா எங்கயோ ஒரு ஆளு இருக்கான்னு அர்த்தம்." அந்த ஆணி இன்னும் சமையலறைச் சுவரில் இருந்தது. அம்மா அதில் சல்லடையை மாட்டியிருந்தாள்.

அஸர் தொழுகை முடிந்தது. ஒலிபெருக்கியில் துஹினின் குரல். மைக்கில் பேசிப் பழக்கமில்லாதவன். மூச்சுதான் முதலில் வந்தது.

"எங்கப்பா... ரப்பானி பிராமாணிக்... உங்க யாருகிட்டயாவது ஏதாவது பாக்கி வெச்சிருந்தா என்கிட்ட சொல்லுங்க, நான் தீர்த்துடறேன். வாயாலயோ கையாலயோ யாரு மனசயாவது நோக வெச்சிருந்தா மன்னிச்சிடுங்க."

மைதானம் அமைதியாக இருந்தது. இருநூறு பேர் நின்றிருப்பார்கள். ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. சந்தூக்கின் எதிரே இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்வதில்லை. அமைதியே பதில். இமாம் தக்பீர் கட்டி ஜனாஸா தொழுகையைத் தொடங்கிவிடுவார்.

ஹுஜூர் தொண்டையைக் கனைத்தார்.

"எனக்கு ஒண்ணு வர வேண்டியிருந்துச்சு" என்றார். அது மிம்பர் மேடையிலிருந்து முழங்கும் குரல் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வதுபோல் இருந்தது. "கெடுவுக்குள்ள வந்து சேந்துடுச்சு. அவருக்கு யாருகிட்டயும் பாக்கி இல்ல."

கிணற்றடியில் ஷெஃபாலி ராட்டினத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அல்லாஹு அக்பர்" என்றது ஒலிபெருக்கி. அந்தச் சொல் பனியில் கலைவதற்குள், வடகிழக்கே, வெகு தூரத்தில், டாக்கா வண்டி ஊதியது.

மேற்குக் கேபினில் யாரோ லீவரை இழுத்திருக்க வேண்டும். கொல்லைச் சுவருக்கு அப்பால் ஓடும் சிக்னல் கம்பி, உருளைகளின் மேல் கிறீச்சிட்டு ஒரு முழம் நகர்ந்து நின்றது.

*

மூன்றாம் நாள், சனிக்கிழமை, வீட்டில் குர்ஆன் ஓதி துஆ. பனி கொஞ்சம் விலகியிருந்தது. முன்னறையில் பாய் விரித்து முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாதல் மியா வாசலோரமாக, யாரையும் பார்க்காமல் இருந்தார். ஷெஃபாலி திரைக்குப் பின்னால் நின்று தட்டுகளை எடுத்துக் கொடுத்தாள்: ஜிலேபி, பொரி, ஆளுக்கொரு ஆரஞ்சு.

வியாழக்கிழமை ரயிலில் வந்த இரண்டாம் பாகத்தை அவள் படித்திருக்கவில்லை. கடைப் பக்கம் போகவும் முடியாது, யாரையும் அனுப்பிக் கேட்கவும் முடியாது. இரண்டு நாட்களாக, ஆறுதல் சொல்ல வந்தவர்களின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஒரு பாழடைந்த கேபினின் தரையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஓதி முடித்துத் தட்டுகள் வந்ததும் ஆட்கள் பேசத் தொடங்கினார்கள். படகு, பனி, உருளைக்கிழங்குப் பயிர்.

"ஹுஜூர், எதுவும் எடுக்கலையே?" என்றான் துஹின்.

சமத் ஹுஜூர் தட்டைப் பார்த்தார். ஜிலேபியைத் தள்ளிவிட்டு ஆரஞ்சை எடுத்தார். துஹினிடம் ஒரு சிறு கத்தி கேட்டார்.

"நான் உரிச்சுத் தரேனே."

"இருக்கட்டும்ப்பா. எனக்கு அவசரமில்ல."

காம்புப் பக்கம் கத்தியை வைத்துச் சுற்றத் தொடங்கினார். வயதான விரல்கள், நடுக்கம் இருந்தது. ஒரு சுற்றில் கட்டை விரலை நகர்த்தி, அடுத்த சுற்றுக்குப் பழத்தைத் திருப்பினார். தோல் விரல் அகல நாடாவாகத் தொங்கத் தொடங்கியது. பக்கத்திலிருந்தவர் ஏதோ கேட்டார். ஹுஜூர் தலையை மட்டும் அசைத்தார். பேச்சு மெல்ல அடங்கியது. துஆவின் முடிவில் ஹுஜூர் ஏதாவது சொல்வார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வாசலோரத்தில் பாதல் மியா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நடுவில் ஒரு இடத்தில் தோல் மிக மெல்லியதாகி, வெளிச்சம் தெரிந்தது. ஹுஜூர் நிறுத்தினார். மூச்சை இழுத்துக்கொண்டு, கத்தியைக் கொஞ்சம் சாய்த்து, மறுபடி தொடர்ந்தார்.

கடைசிச் சுற்று கழன்றது. அவர் தோலைத் தட்டில் வைத்தார். அது தன் பழைய வளைவைத் தேடிச் சுருண்டு, உள்ளே எதுவும் இல்லாத ஒரு முழு ஆரஞ்சாக உட்கார்ந்துகொண்டது. பழத்தை அவர் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டார். திரைப் பக்கம் பார்க்கவே இல்லை. குடையை எடுத்துக்கொண்டு, ஸலாம் சொல்லிவிட்டு, எழுந்து போனார்.

எல்லோரும் போன பிறகு அத்தை தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வந்தாள். தோல்களை எல்லாம் வழித்து வாளியில் போட்டாள்.

"அது இருக்கட்டும், அத்தை."

"எது?"

ஷெஃபாலி அந்த ஒன்றை மட்டும் இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். சுவரில் பழைய ஆணி. சல்லடையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, தோலின் ஒரு நுனியை ஆணியில் மாட்டினாள்.

பத்து நிமிஷம் கழித்துச் சரக்கு வண்டி ஒன்று வீட்டுக்குப் பின்னால் போனது. பாத்திரங்கள் அதிர்ந்தன. ஆணியிலிருந்து தோல் சுற்றுச் சுற்றாக நீண்டு, ஆடி, மறுபடி சுருண்டது. கடைசிப் பெட்டி போய் வெகு நேரம் வரைக்கும் அது மெல்ல அசைந்துகொண்டிருந்தது.